உருளையில் நசுங்கிய எலுமிச்சம்பழம்

சூடான சைலன்சர் மேல் கை வைத்தால் எவ்வளவு நேரத்தில் உங்களுக்குச் சுடும்?

வைத்த உடனே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் வடக்கே லூனாஸ் ஊருக்கு ஒரு பையோடு வந்தேன். சொந்த ஊர் குளுவாங். அங்கே எனக்கென்று இப்போது யாரும் இல்லை. ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் கட்டிய தொழிற்சாலையில் வேலை. அமெரிக்க மோட்டார் சைக்கிள்களை அங்கே பாகம் பாகமாகப் பூட்டுவோம். இரண்டு சிலிண்டர், கனமான வண்டி. இஞ்சின் ஓடும்போது நெஞ்சுக்குள் யாரோ தட்டுவது மாதிரி இருக்கும்.

முதல் நாள் பயிற்சி அறையில் ஒரு பழைய படம் காட்டினார்கள். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் வண்டி எப்படிச் செய்தார்கள் என்று. மரக்கொட்டகை மாதிரி ஓர் இடம். தொப்பி போட்ட ஆட்கள் இஞ்சின் பாகங்களை அரத்தால் ராவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி ராவிப் பொருத்துகிறார்கள். வண்டியைக் கையால் தள்ளியே அடுத்த ஆளிடம் விடுகிறார்கள். கடைசியில் ஒருவன் அதை உதைத்துக் கிளப்பி வாசலுக்கு வெளியே ஓட்டிப் போகிறான். திரும்பி வரும்போது முழங்கால் வரைக்கும் சேறு. சிரிக்கிறான். வண்டி தேறிவிட்டது.

எங்களிடம் இஞ்சின் முழுதாகப் பெட்டியில் வந்து இறங்கும். நட்டை எவ்வளவு இறுக்குவது என்று இறுக்குகிற துப்பாக்கிக் கருவியே முடிவு செய்யும். சரியென்றால் பச்சை விளக்கு எரியும். கடைசியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. தரையில் இரும்பு உருளைகள். வண்டியை அதன் மேல் ஏற்றி, வாரால் கட்டி, ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டுவான். சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னால் வெறும் வெள்ளைச் சுவர். அப்புறம் பெட்டியில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்புவோம். அந்த வண்டிகளுக்கு ரோடு எப்படி இருக்கும் என்றே தெரியாது.

உருளை அறையில் தேவன் இருந்தான். அவன் மனைவி காஞ்சனா அதே வரிசையில் டேங்குக்குப் பெயர்த்தகடு பொருத்துவாள். என்னிடம் முதலில் பேசியவர்கள் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

ஆயுத பூஜை அன்று தேவன் ஒரு வேலை செய்தான். புது வண்டி வாங்கினால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? முனியாண்டி கோயில் முன்னால் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். வழியில் காவு கேட்பது எதுவோ, அது பழத்தை எடுத்துக்கொண்டு வழி விடட்டும் என்று. தேவன் அதை உருளை மேல் செய்தான். வண்டியை ஏற்றிக் கட்டிவிட்டு, சக்கரத்துக்கும் உருளைக்கும் நடுவில் பழத்தைச் செருகினான்.

வரிசைத் தலைவர் ரோனால்டு வேடிக்கை பார்த்தார். “எங்க சர்ச் ஃபாதர் தண்ணி தெளிச்சா துணியால தொடச்சிருவேன். இந்த ஜூஸ யாரு கழுவுறது?”

“நீங்கதான் லா பாஸ். புண்ணியம் கெடைக்கும்,” என்றான் தேவன்.

காஞ்சனா மட்டும் சிரிக்கவில்லை. “என்னங்க, பழம் நசுங்கினா வண்டி நிக்காம முன்னால போவணும். இது எங்க போவும்?”

“சொவத்துல போய் முட்டச் சொல்றியா?”

அவன் முறுக்கினான். பழம் நசுங்கியது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டி எங்கும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் டயரில் சேறு வர ஆரம்பித்தது.

சிவப்புச் சேறு. டயரின் வெட்டுகளுக்குள் ஈரமாக ஒட்டியிருக்கும். பெட்டியிலிருந்து எடுத்த புது டயர், ரோட்டைத் தொடாத டயர். அறைக்குள் பழைய ரப்பர் பால் வாடை அடித்தது, வாளியில் விட்டுப் புளித்துப்போனது மாதிரி. ரோனால்டு துணியால் துடைப்பார்.

தேவன் அறையை விட்டு வெளியே வர நேரமாகியது. வெளியே வந்தால் பேச்சு குறைந்துபோயிருந்தது.

ஒரு நாள் அவன் வண்டியை நிறுத்தி இறங்கினான். சாய்ந்து நிற்கக் கையை ஊன்றினான்.

சைலன்சர் மேல்.

நான் பக்கத்தில் டார்ச் வைத்துக்கொண்டு ஒயர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடை வந்த பிறகுதான் திரும்பினேன். தேவன் என்னைப் பார்த்தபடி சாதாரணமாக நின்றிருந்தான். கை அங்கேயே இருந்தது. நான்தான் பிடித்து இழுத்தேன். உள்ளங்கைத் தோல் குழாயிலேயே தங்கிவிட்டது.

“வலிக்கலையா?”

“என்னாது?” என்றான்.

கூலிம் ஆஸ்பத்திரி டாக்டர் நரம்பெல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கட்டுப் போட்டு எம்சி லீவு கொடுத்தார். தேவன் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான். ஊட்டினால் சாப்பிட்டான். காஞ்சனா அவன் எதிரிலேயே அழுதாள். அவன் அதைச் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

“அவரு இங்க இல்லண்ணே,” என்றாள் என்னிடம். “கேட்டா ஒன்னே ஒன்னுதான் சொல்றாரு.”

நான் அவன் வாய்க்கிட்டே காதைக் கொண்டுபோனேன்.

“இன்னும் போய்க்கிட்டே இருக்கேன்,” என்றான்.

உருளை அறை வேலை எனக்கு வந்தது.

கதவைச் சாத்தினேன். முறுக்கினேன். முன்னால் வெள்ளைச் சுவர். இஞ்சின் அதிர்வு கைப்பிடி வழியாக ஏறியது. முதலில் விரல் மரத்தது. அப்புறம் மணிக்கட்டு. சுவர் கொஞ்சம் தள்ளிப்போன மாதிரி இருந்தது.

இன்னும் தள்ளிப்போனது.

இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். நிரை நிரையாக. நடுவில் மண்பாதை, மழை பெய்து ஓய்ந்த பாதை. முகத்தில் காற்று அடித்தது. தூரத்தில் ஒரு வண்டியின் சிவப்பு விளக்கு. எனக்கு முன்னால் ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்தான். கம்பெனியின் நீலச் சட்டை. நான் எவ்வளவு முறுக்கினாலும் அவனுக்கும் எனக்கும் உள்ள தூரம் குறையவில்லை.

அவன் திரும்பவே இல்லை.

பிரேக்கைப் பிடித்தேன். சுவர் மூக்குக்கு முன்னால் நின்றது. டயரில் சேறு.

காஞ்சனாவிடம் சொன்னேன். அவள் தேவனின் கட்டுப் போட்ட கையைத் தடவினாள். பிறகு, “காவு குடுத்தோம், வழி குடுக்கலண்ணே. காவு வாங்குனது போவ எடமில்லாம அங்கயே கெடக்குது. அவரையும் வெச்சிருக்குது,” என்றாள். “அந்தப் பழைய படத்துல அவன் வாசலத் தாண்டி வெளிய ஓட்டுவான்ல? அப்பிடித்தான் போவணும். மறுபடி பழம் வெச்சி, உருளையில இருந்து நேரா வெளிய. நடுவுல நிக்கக் கூடாது. நானும் பின்னால உக்காருறேன்.”

“வேல போயிரும், காஞ்சனா.”

“ஆளே போயிட்டாரு, அண்ணே.”

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து எல்லோரும் போனார்கள். வானம் இருட்டிக்கொண்டிருந்தது. உருளையைப் பூட்டவும் வாரை அவிழ்க்கவும் வெளியே ஓர் ஆள் வேண்டும். ரோனால்டிடம் கேட்டோம். “நான் ஒன்னும் பாக்கல,” என்றார். சொல்லிவிட்டு வந்து நின்றார். சட்டைக்குள் சிலுவையைப் பிடித்திருந்தார். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாவிடம் ஏற்கெனவே பேசிவிட்டாராம்.

வண்டியைத் திறந்த கதவைப் பார்க்கத் திருப்பிக் கட்டியிருந்தோம். காஞ்சனா பழத்தை வைத்தாள். பின்னால் ஏறி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முறுக்கினேன்.

பழம் நசுங்கியது.

கதவும் சுவரும் போய்விட்டன. மரங்கள் வந்தன. சிவப்பு விளக்கு முன்னால் போனது.

“என்னங்க,” என்று காஞ்சனா மெதுவாகக் கூப்பிட்டாள். பக்கத்து அறையில் இருப்பவனைக் கூப்பிடுவது மாதிரி. “வாங்க, வீட்டுக்குப் போவலாம்.”

விளக்கு அணைந்தது.

என் பின்னால் வண்டி அமுங்கியது. ஓர் ஆள் ஏறினால் எப்படி அமுங்குமோ, அப்படி.

“திரும்பாதீங்கண்ணே,” என்றாள்.

ரோனால்டு கத்தியது எங்கிருந்தோ கேட்டது. உருளை பூட்டிக்கொண்டது. வார் அவிழ்ந்தது. வண்டி ஒரு தாவு தாவி முன்னால் பாய்ந்தது. கதவு, கிடங்கு, வாசல், மழை. ஜாகா குடையோடு விலகி நின்றார். செம்பனை மரங்களுக்கு நடுவில் மண்பாதையில் ஓட்டினேன். புளித்த பால் வாடை கூடவே வந்தது. காதுக்குப் பின்னால் காஞ்சனாவின் மூச்சோடு இன்னொருவர் மூச்சும் கேட்டது.

முனியாண்டி கோயில் முன்னால் நிறுத்தினேன். காஞ்சனா இறங்கினாள். பின்பக்கம் லேசானது. மறுபடியும் லேசானது.

“எறங்கிட்டாருண்ணே,” என்றாள். வீட்டுப் பக்கமாக ஓடத் தொடங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் சேற்றில் இன்னொரு வரிசைக் காலடி விழுந்துகொண்டே போனது.

நானும் இறங்கி, ஸ்டாண்டு போட்டுத் தள்ளி நின்றேன்.

நான் இறங்கியும் வண்டி மேலே எழும்பவில்லை. முன் இருக்கை, யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரியே அமுங்கிக் கிடந்தது. இரண்டு கைப்பிடியும் நேராக இருந்தன.

அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போய்க் கழுவி, பெட்டியில் அடைத்தோம். கனமாக இருக்கிறது என்றார் ரோனால்டு. நான் மூடியை வைத்து ஆணி அடித்தேன்.

மறுநாள் காலை தேவன் கை எரிகிறது என்று அலறி எழுந்தானாம். அதைச் சொல்லத்தான் காஞ்சனா என் அறைக்கு வந்தாள். அழுதாள், சிரித்தாள். கையோடு பாத்திரத்தில் கோப்பி கொண்டுவந்திருந்தாள். அடுப்பிலிருந்து அப்படியே எடுத்து, துணி சுற்றிப் பிடித்திருந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். துணி அவள் கையிலேயே இருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவள் பேச்சை நிறுத்தி மூக்கைச் சுளித்தாள். என் கையைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைக்கச் சொல்லிக் கத்தினாள்.

வைத்தேன்.