மூன்று மாதம் முடியட்டும்

வலது தோளின் நுனியில் வலித்தது. காலையிலிருந்து அனீஸா ஒரு குடம்கூடத் தூக்கவில்லை. வயிறு வலித்திருந்தாலாவது புரிந்திருக்கும். நேற்று டாக்டரம்மா வயிற்றைப் பற்றித்தானே சொல்லியிருந்தார்: கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கிவிட்டது, வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரியில் சேர்ந்து அதை எடுத்துவிட வேண்டும். ஆனால் ஸ்கேனில் துடிப்பு தெரிந்ததே! ஏழு வருடம் கழித்து வந்த பிள்ளை. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தவள், வெளியே காத்திருந்த மாமியாரிடம் எல்லாம் நல்லபடியாக இருப்பதாகச் சொல்லிவிட்டாள். மாமியார் ரசியா பேகம் சந்தோஷத்தில் அங்கேயே அழுதுவிட்டார்.

கீழ்வேளூரில் மாசி மாத மத்தியான வெயில். அறுவடை மெஷின் தூரத்தில் இரைந்துகொண்டிருக்க, வைக்கோல் தூசியும் யார் வீட்டிலோ கருவாடு வறுக்கும் வாசனையும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்க, அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, இரண்டொரு நாளில் கரு தானாகவே கர்ப்பப்பைக்கு இறங்கி வந்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அடிவயிற்றை வலி பிடித்தது. அலறிவிட்டாள்.

எதிர்வீட்டு ஞானாம்பாள் ஓடி வந்தார். கிராம நர்ஸ்.

"நாள் தள்ளியிருக்கா? மறைக்காம சொல்லும்மா."

மூன்று மாதம் முடியும்வரை வெளியாள் காதில் விழக்கூடாது, கண்ணேறு பட்டுவிடும் என்பது மாமியாரின் கட்டளை. சத்தம் கேட்டு உள்ளே வந்திருந்த அவர், வெறும் வாயுப் பிடிப்பு என்றார். ஞானாம்பாள் அனீஸாவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்றால் ஆம்புலன்ஸ் வரும். பிள்ளையை எடுத்துவிடுவார்கள்.

"இல்லக்கா."

உள்ளே ஏதோ அறுந்தது. வலி சட்டென்று நின்றது. அப்பாடா என்றிருந்தது. சிரித்துக்கூட விட்டாள். மறுபடி வலித்தால் கூப்பிடச் சொல்லிவிட்டு ஞானாம்பாள் தடுப்பூசி போடக் கிளம்பிப் போனார்.

குளிர்ந்தது. இந்த வெயிலிலா? உடம்பெல்லாம் வியர்வை. மெஷின் சத்தம் தேய்ந்தது. ஜன்னல் மங்கியது.

அக்காவைக் கூப்பிட வேண்டும். ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

நாக்கு எழவில்லை.

வயிறு. போர்வைக்குள் அது உயர்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாதம் போல. பிறகு ஐந்தாம் மாதம் போல.

ரசியா பேகம் போர்வையை விலக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இறுகிய வயிற்றின்மேல் உள்ளங்கையை மெல்ல வைத்தார்.

"மாஷா அல்லாஹ். இப்பவே தெரியுதேம்மா."

அசையாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மருமகளின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, ஒருவர் கண்ணும் படாதிருக்க, அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு கதவையும் தாழிட்டார்.