மாத்திரை கரையும் நேரம்

வெளியே மழை. போதை மீட்பு சிகிச்சை மையத்தின் வராந்தாவில் குடையை உதறிக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, டாக்டர் ரூம் எது?"

பெஞ்சில் இருந்தவன் நிமிர்ந்தான். மழை கழுவிவிட்டது போலத் தெளிந்த கண்கள்... பதில் மட்டும் இல்லை.

"உங்களத்தான். வாய்க்குப் பூட்டு போட்டிருக்கா?"

தலையாட்டினான். சிரிப்பு வேறு. என்ன திமிர்...

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அவர் பேசக் கூடாதும்மா. நாக்குக்கு அடியில மாத்திரை. என் கண் முன்னாடியே கரையணும், பத்து நிமிஷம் ஆகும்."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இறந்துபோன அண்ணனின் சிகிச்சைக் கோப்பை வாங்க வந்தவள் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"இடது பக்கம் ரெண்டாவது ரூம்ங்க," என்றான் அவன், பத்து நிமிடம் கழித்து. "பூட்டு தொறந்தாச்சு."

மழை விடும்வரை பேசியதில் தெரிந்தது. அவன் லாரி ஓட்டுநர். முதுகில் அடிபட்டு, வலிக்குப் போட்ட மாத்திரை பழக்கமாகி, அதிலிருந்து மீள இந்த மாத்திரை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அடுத்த வாரம் கடைக்கே வந்துவிட்டான்.

"கண்ணுல ஒரு குறையும் இல்லையே... எதுக்கு வந்தீங்க?"

"அத உங்க வாயால கேக்கத்தான்..."

ஆறு மாதம் ஓடியது. அம்மாவுக்குத் தெரிந்தது.

"ஒரு போதைய விட்டு இன்னொண்ணுல விழுந்தவன்டி அவன். மாத்திரைய நிறுத்தட்டும், அப்புறம் கல்யாணப் பேச்சு."

அம்மா சொன்னதை அவனிடம் சொன்னாள். மறுநாள் கடைக்கு வந்தான். முகம் இறுகியிருந்தது.

"விட்டுடறேன். நாளையிலேருந்து அங்க போகல. எனக்கும் மானம் ரோஷம் இருக்கு."

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"எங்கண்ணன்கிட்டயும் இதச் சொன்னாங்க... அம்மா இல்ல. நான். 'இன்னும் எத்தன நாளு மாத்திரைய நம்பியே ஓட்டுவ, வெக்கமா இல்ல?'ன்னு கேட்டேன். விட்டான். பதினெட்டாம் நாள் பழைய போதை ஊசி, பழைய அளவு... பழக்கம் விட்டுப்போன உடம்பு தாங்கல."

இதுவரை யாரிடமும் அவள் சொன்னதில்லை. அழவும் இல்லை. குரல் சமமாகத்தான் இருந்தது.

"எத்தன வருஷம் போடணும்னு டாக்டருக்கே தெரியாதாம்," என்றான் மெதுவாக.

"போடுங்க."

"உங்கம்மா...?"

"இன்னிக்கு நானே சொல்றேன். அண்ணன்கிட்ட நான் கேட்டதையும் சேத்து."

"அப்படியும் வேணாம்னுட்டா?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு ரோஷக்காரர் வேணாம். உசுரோட இருக்கற ஆளு வேணும்... நீங்க வேணும்."