நிறைவுத் திரை

மதியம் வரை பச்சையாக இருந்த இரண்டு சோதனைகள், யாரும் தொடாமலே சிவந்து நின்றன.

பிரசீதா மடிக்கணினியில் நிரல் கோப்பைத் திறந்து பார்த்தாள். எழுதியது எழுதியபடியே இருந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடுதேடிப் போய்ப் பார்க்கும் செவிலியருக்கான செயலி அது. பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டால், அந்த ஆள் உயிரோடு இருந்தால் வருகைத் திரைக்குப் போக வேண்டும். இறந்திருந்தால் நிறைவுத் திரைக்கு. மரணம் என்ற சொல் வேண்டாம் என்று செயலியைச் செய்துதரக் கேட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். சோதனையில் கைப்பேசி கிடையாது. எந்தத் திரையும் உண்மையில் திறக்காது. திரைகளை மாற்றும் வேலையைச் செய்வதுபோல ஒரு போலி நிரல் நடித்து, எங்கே போகச் சொன்னார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். அவள் எதிர்பார்த்ததும் அது குறித்ததும் ஒன்றாக இருந்தால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு.

மாதிரிக்கு இரண்டு பெயர்கள் வேண்டியிருந்தன. பெயர் யோசிக்க அவளுக்கு வராது. உயிரோடு இருப்பவருக்கு விஜயம்மா என்று போட்டிருந்தாள். பக்கத்து அறையில் கிடக்கும் அம்மாவின் பெயர். இறந்தவருக்குப் பொன்னப்பன். அப்பாவின் பெயர்.

விஜயம்மா: எதிர்பார்த்தது வருகைத் திரை, வந்தது நிறைவுத் திரை.

பொன்னப்பன்: எதிர்பார்த்தது நிறைவுத் திரை, வந்தது வருகைத் திரை.

வெளியே மழை ரப்பர் மரங்களின் மேல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் அம்மாவின் இருமல் இல்லாததை அவள் அப்போதுதான் கவனித்தாள். மதியம் முழுவதும் இருமிக்கொண்டும் இடையிடையே அவளைக் கேலி செய்துகொண்டும் இருந்தவள். "நீ பாக்கது வேலையா மோளே, பெட்டிக்குச் சோறூட்டலா?" என்று கேட்டுச் சிரித்து, பால் விடாத கட்டன் சாயா வாங்கிக் குடித்தவள்.

எழுந்து போய்ப் பார்த்தாள். மதியம் திருப்பிப் படுக்கவைத்தபடியே அம்மா சுவர்ப்பக்கம் பார்த்துக் கிடந்தாள். மூச்சு இருந்தது. ஒன்று வந்து, அடுத்தது வருவதற்குள் நெடுநேரம் ஆனது. கை சில்லென்றிருந்தது. கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை.

வாரந்தோறும் வரும் செவிலி ஸ்டெஃபியை அழைத்தாள். தனுவச்சபுரம் ரோட்டில் மரம் சாய்ந்து வண்டிகள் நிற்பதாக ஸ்டெஃபி சொன்னாள். ஆம்புலன்ஸுக்கும் அதே வழிதான்.

"தலைய ஒசத்தி வச்சிட்டுப் பக்கத்துல இரிங்க அக்கா. மரத்த மாத்தின ஒடனே வாறேன்."

தலையணையை உயர்த்தி வைத்தாள். மடிக்கணினியை எடுத்துவந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. சோதனையை மறுபடி ஓட்டினாள்.

சிவப்பு.

மேலே கட்டிலில் ஒரு மூச்சு பாதியில் நின்றது. பிறகு மெல்லத் தொடர்ந்தது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். பௌதிகம் படித்தவள் அவள். ஒருமுறை நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இன்னொரு முறை ஓட்டினாள். சிவப்பு. மூச்சு நின்றது. இந்த முறை அது திரும்பிவரக் கூடுதல் நேரம் ஆனது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஒட்டுப்பால் வாடை. சிரட்டையில் உறைந்து புளித்த ரப்பர் பால், ஈரச் சாக்கு, வியர்வை. பால்வெட்டு முடிந்து அப்பா படியேறும் முன்பே வீட்டுக்குள் நுழைந்துவிடும் வாடை. அப்பா போனபின் அந்த மரங்களில் யாரும் பால் வெட்டவில்லை.

பெயர்களை அழித்துவிட்டு வேறு பெயர்கள் போட்டாள். ஓட்டினாள். முடிவில் விஜயம்மா என்றே வந்தது. பொன்னப்பன் என்றே வந்தது. பழையது கணினியின் நினைவில் எங்கோ தங்கியிருக்கலாம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஓட்டினாள். அதே பெயர்கள், கோப்பிலும். அதே சிவப்பு.

கைப்பேசி அடித்தது. திருவனந்தபுரத்து அலுவலகத்திலிருந்து தீபு. அவள் குழுவின் தலைவன், பாறசாலைக்காரன். காலையில் செயலியைக் காட்ட வேண்டும், இன்னும் ஏன் சிவப்பு என்று கேட்டான். தவறு எங்கே என்று தெரியவில்லை என்றாள். அம்மாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் பேச ஆரம்பித்தான்.

"மழ வந்தா ஒங்க ஊருல கோடிங்கும் படுத்திடுமோ?" தீபு சிரித்தான். "கோடிங்க பொறவு நோக்கலாம். இப்ப டெஸ்ட்ட மாத்து. என்ன வருதோ அதையே எதிர்பாக்கதா எழுது. பச்ச ஆயிடும். எல்லாரும் செய்யதாக்கும்."

அது தவறான வழி என்று அவளுக்குத் தெரியும். பிழையை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சரியென்று எழுதிக்கொடுப்பது. ஆனால் கட்டிலில் மூச்சு ஒரு நூலாகியிருந்தது. சிவப்பு வரும்போதெல்லாம் அது அறுந்து அறுந்து ஒட்டியது. பச்சை வந்தால் ஒட்டியே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவளுக்கு ஒன்றே பழக்கம். பச்சை என்றால் எல்லாம் சரி.

முதலில் அப்பாவுக்கு மாற்றினாள். பொன்னப்பன், வருகைத் திரை.

அம்மாவின் வரியில் விரல்கள் நின்றன. வெறும் மாதிரி. போலி. எந்தத் திரையும் திறக்காது.

விஜயம்மா, நிறைவுத் திரை.

ஓட்டினாள்.

பச்சை.

எல்லாம் பச்சை.

கட்டிலில் மூச்சு வந்தது. ஆழமாக, தடையில்லாமல். அடுத்ததும் வந்தது. பிரசீதா மடிக்கணினியை மூடி, அதன்மேல் நெற்றியை வைத்து அழுதாள். கட்டில் முனகியது. படுத்திருந்தவர் புரண்டு படுப்பது கேட்டது. அம்மா தானாகப் புரண்டு பல நாளாகிறது.

"அம்மா."

மூச்சு மட்டும். கனத்த மூச்சு.

ஒட்டுப்பால் வாடை அறை முழுக்க நிறைந்தது.

தலையைத் தூக்கவில்லை. கண்ணுக்கு நேரே கட்டில் விளிம்பு. போர்வைக்கு வெளியே ஒரு பாதம். அகலமான பாதம். வெடித்த குதிகால். வெடிப்புகளில் கறுத்துப்போன ரப்பர் பால். விரலிடுக்குகளில் ஈரமண்.

"மக்கா." அம்மா ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "சன்னலச் சாத்து. சாரல் அடிக்கு."

எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை. கட்டிலைப் பார்க்காமல் சன்னலுக்குப் போனாள். கம்பியைப் பிடித்தாள்.

வீட்டை ஒட்டிய தெற்குப் பறம்பில் இருட்டு இன்னும் முழுதாக இறங்கவில்லை. அப்பாவைப் புதைத்த இடத்தில் மண் உள்வாங்கி, மழைநீர் தேங்கிக் கிடந்தது. மழை சட்டென்று விட்டிருந்தது. நீர் அசையவில்லை.

அதற்கு அடியிலிருந்து அம்மா இருமினாள்.

நீரில் குமிழிகள் வந்தன.

மறுபடி இருமினாள். மறுபடி வந்தன.