டாக்டருக்குத் தெரிந்த படம்

திரையில் இருந்த டாக்டர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கிற நிலைமையிலா இருந்தான் அவன்? நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய ஒரே தம்பி கண் செருகி, உதடு நீலம் பாய்ந்து, நெஞ்சில் ஒட்டிய ஒயர்களோடு கட்டிலில் கிடந்தான். பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு கொட்டிய மழை தகரக் கூரையில் விடாமல் இரைய, ஜெனரேட்டரின் டீசல் நாற்றமும் பினாயில் நெடியும் கலந்து தொண்டையைக் கமறவைக்க, அந்த ஒற்றை அறைக்குள் அவனுடைய மூச்சு மட்டும் எதையோ தரையில் இழுப்பதுபோல் கரகரவென்று கேட்டுக்கொண்டிருந்தது.

மண் சரிந்து சாலை அடைபட்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். இங்கே இருப்பதெல்லாம் கூரைமேல் ஒரு சாட்டிலைட் தட்டு, மேஜைமேல் இந்தத் திரை, இரும்புப் பெட்டிக்குள் ஓர் ஊசி. இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி. தப்பான ஆளுக்குப் போட்டால் உயிரையே எடுத்துவிடும். அதனால் டாக்டர் பார்த்து எண் சொன்னால்தான் பெட்டி திறக்கும். இணைப்புக் கிடைக்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தபோது, ‘என் ஆயுசையும் சேர்த்து இவனுக்குக் கொடுத்துடு’ என்று யாரிடம் என்று தெரியாமலேயே கத்தியிருந்தாள். அப்புறம்தான் லைன் கிடைத்தது.

கிடைத்து என்ன பிரயோஜனம்? ஈசிஜி நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். இங்கே மெஷினில் கோடு கோணல்மாணலாக ஓடுகிறது. கண்ணை எங்கே வைத்திருக்கிறார் இந்த மனுஷர்? அவள் அழாத குறையாக மறுபடி விளக்கினாள். பேச்சு மேலே போய்த் திரும்பி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வலி போயிடுச்சுன்னு அவரே சொல்றாரே, சிஸ்டர். நல்லாத்தானே உட்கார்ந்திருக்கார்?"

திரும்பிப் பார்த்தாள். தம்பிக்குப் பல் கிட்டியிருந்தது.

டாக்டருக்குப் போகிற படம் பழையதாக எங்காவது சிக்கி நிற்கும். எல்லாம் இந்தப் பாழாய்ப்போன மழையால். துணியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். சேற்றில் கால் புதைய ஏணியில் ஏறி, தட்டை அழுந்தத் துடைத்தாள். இறங்கும்போது ஏணி வழுக்கியது. பின்னந்தலை எதிலோ மோதியது. வலிக்கவே இல்லை. வலிக்க நேரம் ஏது? எழுந்து உள்ளே ஓடிவந்தாள்.

இப்போது டாக்டர் சிரிக்கவில்லை. முகத்தைத் திரைக்கு வெகு அருகில் கொண்டுவந்து, அவளைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்பரைச் சொல்லுங்கள் என்றாள். கெஞ்சினாள். மேஜையைக் குத்தினாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். அறையில் கரகரப்பு இல்லை.

பாய்ந்து போய்த் தம்பியின் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள். "எந்திரிடா. அக்காடா. எந்திரிடா, கண்ணா." அழுத்த அழுத்த அவன் உடம்பு சில்லிட்டுக்கொண்டே போனது. ஒரு அசைவுகூட இல்லை.

என்னத்தைத்தான் பார்த்துத் தொலைக்கிறார் அந்த ஆள்?

திரையின் மூலையில், இங்கிருந்து போகிற படத்தைக் காட்டும் சின்னச் சட்டம் ஒன்று உண்டு. நம் மூஞ்சியை நாமே பார்த்து என்ன ஆகப்போகிறது, நெட் மிச்சமாகட்டும் என்று எப்போதும் மூடியே வைத்திருப்பாள். திறந்தாள்.

இதே அறை. இதே கட்டில். மேஜைக்கு முன்னால், அவள் நிற்கிற இடத்தில், யாரும் இல்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் தம்பி நின்றிருந்தான். உயிரோடு. மழையில் முழுக்க நனைந்து. ஒயர்கள் பிய்ந்து தொங்கின. அழுதுகொண்டிருந்தான்.

கட்டிலில் யாரோ. போர்வைக்கு வெளியே இரண்டு பாதம். சேறு.

"பதறாதீங்க தம்பி," என்றார் டாக்டர். "அங்க நர்ஸ் இருப்பாங்களே, கூப்பிடுங்க."

"இவதான், டாக்டர், நர்ஸ்," என்று கட்டிலைக் காட்டினான் தம்பி.

அவள் மெல்லக் குனிந்து, தான் ஓடிவந்த வழியைப் பார்த்தாள். வாசலிலிருந்து மேஜைவரை தரை உலர்ந்திருந்தது. ஒரு பொட்டுச் சேறு இல்லை.