மாஸ்க்கை அவளே பிடிக்கட்டும்!

“அம்மா...!”

அந்த அலறல் பிரசவ அறையின் கதவைத் தாண்டி வராந்தா பெஞ்சுக்கு வந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வக்கீல். கோர்ட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அண்ணன் மொட்டை மாடிப் படியிலிருந்து உருண்டு செத்து ஒரு வாரம் ஆகிறது. தள்ளியது அண்ணிதான் என்று வீடே சொல்லிவிட்டது. போலீஸும் ஒப்புக்கொண்டுவிட்டது.

குழந்தை பிறந்ததும் அண்ணி ஜெயிலுக்கு. குழந்தை அவன் அம்மாவிடம். எல்லாம் பேசி முடித்தாயிற்று.

உள்ளே...

கட்டிலில் அண்ணி. தலைமாட்டில் மாமியார். கதவோரம் ஸ்டூலில் இன்ஸ்பெக்டர் அம்மாள். கைது செய்ய வேண்டியவள் இந்த நிலையில் எங்கே ஓடப்போகிறாள் என்ற அலுப்பு அவள் முகத்தில்.

நர்ஸ், சிலிண்டரிலிருந்து வந்த குழாயின் நுனியில் இருந்த மாஸ்க்கைக் கட்டிலில் இருந்தவள் கையில் கொடுத்தாள்.

“சிஸ்டர், இது என்ன கண்றாவி?” என்றாள் மாமியார்.

“சிரிப்பு வாயும்மா. பாதி அது, பாதி ஆக்சிஜன். வலி ஏறும்போது இவங்களே இழுத்துக்கணும். வலி போயிடாது. ஆனா பக்கத்து வீட்டுல யாருக்கோ வலிக்கிற மாதிரி இருக்கும்.”

“நாங்கல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் ரெண்டு பெத்தோம்!”

“பல்லு மிச்சம் இருக்கே, அதுவரைக்கும் சந்தோஷம்.”

“இவளுக்குக் கை நடுங்குது. இப்படிக் குடு, நான் பிடிச்சுக்கறேன்.”

“கூடாது!” நர்ஸின் குரல் உயர்ந்தது. “இவங்க மட்டும்தான் பிடிக்கணும். மயக்கம் அதிகமானா கை தானா விழும். மாஸ்க்கும் கூட விழும். அதுதான் பாதுகாப்பு. வேற யாராவது பிடிச்சா மாஸ்க் விழாது... ஆள்தான் விழும்!”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள்.

“ஏம்மா, இதை இழுத்தா உளறுவாங்களாமே?”

“சிலர் சிரிப்பாங்க மேடம். சிலர் புருஷனைத் திட்டுவாங்க. மனசுல கிடக்கறது வாய்க்கு வந்துடும்னு சொல்லிக்குவாங்க. நீங்க இழுத்ததில்லையா?”

“எனக்கு ரெண்டும் ஆபரேஷன்.”

அடுத்த வலி வந்தது.

அவள் மாஸ்க்கை முகத்தில் வைத்தாள். விரல்கள் வெளுத்தன. நெற்றி நரம்பு புடைத்தது. கண்கள் மேலே செருகின.



பிறகு... சிரித்தாள்!

“அத்தை...”

“என்னடி?”

“உங்க கையில எவ்ளோ பலம் அத்தை! ஒரே தள்ளு! உங்க பிள்ளை... கடகடன்னு உருண்டு...” சிரிப்பு நிற்கவில்லை. “மேல நின்னு பாத்தீங்களே... நானும் உங்களைப் பாத்தேனே!”

இன்ஸ்பெக்டரின் கை செல்போனுக்குப் போனது. ரெக்கார்டிங் பொத்தானை அழுத்தியது.

“ஏய்! வாயை மூடு!”

மாமியார் பாய்ந்தாள். மாஸ்க்கை மருமகள் முகத்தோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்தினாள். கட்டில் உதறியது. கால்கள் அடித்துக்கொண்டன.

“கையை எடுங்க!”

நர்ஸ் மோதிய மோதலில் மாமியார் சுவரில் போய் விழுந்தாள். மாஸ்க் தரையில் உருண்டது. கட்டிலில் கிடந்தவள் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவள் போல மூச்சை இழுத்தாள்.

இன்ஸ்பெக்டர் நிதானமாக எழுந்தாள்.

“அன்னிக்கு நீங்களும் சின்னவரும் கீழே டிவி பாத்துட்டிருந்தோம்னு சொன்னீங்க?”

“ஆ... ஆமா.”

“மயக்கத்துல இருக்கறவ பொய் சொல்லுவாளா? அதுவும் பேரைச் சொல்லி? இவ வாயை மூட நீங்க இவ்ளோ தவிப்பானேன்? இப்ப செஞ்சதுக்குப் பேரு கொலை முயற்சி. என் கண்ணெதிர்லயே! ரெண்டையும் சேத்தா நீங்க வெளியே வரும்போது ஆம்புலன்ஸ்லதான் வருவீங்க.”

“ஐயோ, நான் இல்லை! நான் மாடிக்கே போகலை! முட்டி வலியில படியே ஏற மாட்டேன்!”

“அப்ப யாரு ஏறினது?”

மாமியாரின் உதடுகள் அசைந்தன. கண் கதவுப் பக்கம் போயிற்று. அந்தக் கதவுக்கு வெளியேதான் அவள் பெற்ற மிச்சம் உட்கார்ந்திருந்தது.

“சொல்லுங்க. நீங்களா?”

“சின்னவன்...”

“சத்தமா!”

“சின்னவன்தான்! வீட்டைத் தன் பேருக்கு எழுதித் தரச்சொல்லி மேலே போய்ச் சண்டை போட்டான். பெரியவன், எனக்குக் குழந்தை வரப்போகுது, தர மாட்டேன்னான்... அப்புறம் இவன் மட்டும் இறங்கி வந்து, நான் உன்கூடவே இருந்தேன்னு சொல்லும்மான்னான். சொன்னேன். ஒண்ணு போயிடுச்சு... இன்னொண்ணாவது மிஞ்சட்டும்னு சொன்னேன்!”

“இப்ப?”

“என்னை விட்டுடுங்கம்மா...”

வராந்தாவில் பெஞ்ச் கவிழும் சத்தம். ஓடும் காலடிகள். “பிடி அவனை!” என்று ஒரு கான்ஸ்டபிளின் குரல்.

அதையெல்லாம் அமுக்கிக்கொண்டு ஓர் அலறல்.

அதன் பின்னாலேயே... ஒரு சின்ன அழுகை!

பெண் குழந்தை.

மாமியாரையும் மகனையும் ஒரே ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தாள். ஜன்னலில் காலை வெயில் இருந்தது.

“சிஸ்டர், அந்த சிலிண்டரை எவிடன்ஸா எடுத்துக்கணும். இந்த சிரிப்பு வாயுதான் என் கேஸையே முடிச்சுது!”

குனிந்து மீட்டரைப் பார்த்தாள். முள் பூஜ்யத்தில் நின்றது.

“அடேயப்பா! மொத்தத்தையும் இழுத்துட்டாளா?”

நர்ஸ் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“இழுக்கலை மேடம். குழாயே திறக்கலை.”

“என்ன...?”

“அதனாலதான் அந்தம்மா அழுத்தினப்ப எனக்கு உயிரே போச்சு. மூடின குழாய்ல மூச்சு ஏது?”

இன்ஸ்பெக்டர் கட்டிலைப் பார்த்தாள். அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள்.

“அப்ப... எல்லாம் நடிப்பா?”

“வலி மட்டும் நிஜம் மேடம்.”

“இவ்வளவு வலியில... ஏன்?”

“சின்னவர்தான் தள்ளினார், படிக்குக் கீழே நின்னு என் கண்ணால பாத்தேன்னு ஸ்டேஷன்ல வந்து சொன்னேன். தெளிவா, நிதானமா. துக்கத்துல உளறாதேன்னு அனுப்பிட்டீங்க. நிறைமாசத்துல படி ஏறவே எனக்கு மூச்சு வாங்கும். ஆளையே தள்ளினேன்னு அவங்க சொன்னதை மட்டும் எழுதிக்கிட்டீங்க. சரி, புத்தி தெளிவா இருக்கறவ பேச்சு உங்களுக்கு ஆகாதுன்னு புரிஞ்சுது.”

இன்ஸ்பெக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஆனா மாமியார் பேரை எதுக்கு இழுத்தே? அவங்க தள்ளலைன்னு உனக்குத் தெரியுமே!”

“சின்னவர் பேரைச் சொல்லியிருந்தா மலை மாதிரி குறுக்கே நின்னிருப்பாங்க. அவங்க பேரையே சொன்னேன். மலை நகர்ந்துடுச்சு.”

நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து அவள் மார்போடு சேர்த்துப் படுக்க வைத்தாள். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்களும் இப்படித்தானே ஒரு நாள் சின்னவரைப் பாத்திருப்பாங்க மேடம்? நானும்... ஒரு நாள் நகர்ந்துடுவேனா?”

குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில் நர்ஸின் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“குழாய் மூடியிருந்ததை நான் எழுதவும் முடியாது, எழுதாம இருக்கவும் முடியாது. ரிப்போர்ட்ல என்னத்தைத்தான் எழுத?”

“தாயும் சேயும் நலம்னு எழுதுங்க மேடம்,” என்றாள் நர்ஸ். “உங்க ரிப்போர்ட்ல ஒரு வரியாவது நிஜமா இருக்கட்டும்!”