ஒற்றை இலக்கம்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ரோச்சின் ஈரல் பேசியது.

"உடற்கொழுப்பு ஒன்பது விழுக்காடு. நேற்றைவிடக் கால் விழுக்காடு குறைவு. வணக்கம்."

ரோச் வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். கன்னம் ஒட்டிப்போன ஒரு கிழவர் திரும்பச் சிரித்தார். ஒற்றை இலக்கம். நாலேகால் ஆண்டுப் பாடு.

செவ்வாய்க் கோளில் மனிதர்கள் குடியிருக்கும் நான்காம் கண்ணாடிக் குடுவையில் எல்லாருடைய ஈரலும் காலையில் பேசும். விலாவுக்குக் கீழே அரிசியளவில் ஒரு கருவியைப் பதித்திருப்பார்கள். ஈரல்சொல்லி என்று அதற்குப் பெயர். உடம்பில் எவ்வளவு கொழுப்புத் தங்கியிருக்கிறது என்று அளந்து, எலும்பு வழியாகவே காதுக்குச் சொல்லிவிடும். எண்ணைச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அந்த எண் நல்லதா கெட்டதா என்று அது சொல்லாது. அதைச் சொல்வதற்கு அக்கம்பக்கத்தார் இருந்தார்கள்.

"என்னவே ரோச்சு, இறங்கிருச்சா?" என்று நடைபாதையில் கேட்டான் அடுத்த அறை இசக்கியப்பன். குழாய் பொருத்துகிறவன். அந்தக் குடுவையில் யாரும் யாரிடமும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை.

"ஒம்பது."

"அடி சக்க! நான் சொன்ன பூண்டுல்லா வேலை செஞ்சிருக்கு?"

"பூண்டோ, வெந்தயமோ, கறிவேப்பிலைச் சாறோ, யாரு கண்டா? எல்லாத்தையும்தான குடிச்சேன்."

"பூண்டுதாம்வே. உம்ம பக்கத்துல நிக்க முடியலியே, அதுலயே தெரியுதுல்லா."

அன்று ரோச்சுக்குச் சோதனை நாள். பூமிக்குத் திரும்பும் கப்பல் இருபத்தாறு மாதங்களுக்கு ஒருமுறைதான் கிளம்பும். இரு கோள்களும் வசமாக அமையும் காலம் அது ஒன்றே. பயணிகள் எட்டு மாதமும் நெடுந்துயிலில் கிடப்பார்கள். உடம்பைக் குளிர்த்தி, இதயத்தை நிமிடத்துக்கு நான்கு துடிப்பாக்கி வைக்கும் உறக்கம் அது. அறிவிப்பின் முதல் வரியிலேயே, கொழுப்புச் சோதனையில் தேறியவர்களுக்கு மட்டுமே இடம் என்று இருந்தது. பின்னிணைப்பாக நாற்பது பக்கம் தொங்கியது. அதை யாரும் படித்ததில்லை. கொழுப்புச் சோதனை என்றால் என்ன என்று படித்துத்தானா தெரிந்துகொள்ள வேண்டும்?

மனைவி எமல்டா ஆறரை ஆண்டுகளுக்கு முன் பூமிக்குப் போனாள். செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் அவளுடைய எலும்புகள் பஞ்சுபோல ஆகிவிட்டதால், மருத்துவத் துறையே அவளைத் தூங்கவைத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பியது. காற்று வடிகட்டிப் பிரிவில் ரோச்சுக்கு இன்னும் ஓராண்டு வேலை பாக்கி இருந்தது. அடுத்த கப்பலில் வந்துவிடுகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார்.

அடுத்த கப்பல் வந்தபோது அவருடைய ஈரல் சொன்ன எண் இருபத்தேழு. விண்ணப்பிக்கவே கூச்சமாக இருந்தது. சோதனையில் தோற்றவர்கள் உணவுக்கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டு, "கொழுப்புல போச்சு" என்று மட்டும் சொல்வார்கள். எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அது பண்பில்லை. தொப்பையும் தொந்தியுமாகச் சில பேர் தேறிப் போனதுண்டு. கிடங்கு ஞானராஜ் அப்படிப் போனவர்தான். அவர் ஆள் பிடித்துப் போய்விட்டார் என்று குடுவையே பேசிக்கொண்டது.

அன்று தொடங்கியது ரோச்சின் வைத்தியம். விடிந்ததும் வெந்நீரில் எலுமிச்சை, ஒரு மணி நேரம் கழித்துப் பச்சைப் பூண்டு, மாலையில் முந்தின நாள் ஊறவைத்த வெந்தயம். எண்ணெய் என்பதை நாக்கு மறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டி மீனைத் தேங்காயெண்ணெயில் பொரிப்பார்கள். வாசனை வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு காற்று வடிகட்டி அறையின் கோடிக்குப் போய்விடுவார். அங்கே உட்கார்ந்து வேகவைத்த கீரையைத் தின்றபடி, ஜன்னலுக்கு வெளியே செம்மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் வந்த கப்பலின்போது எண் பதினாறு. ஒற்றை இலக்கமானால்தான் தேறும் என்று இசக்கியப்பன் அடித்துச் சொன்னான். ரோச் அந்தக் கப்பலையும் விட்டார்.

எமல்டாவின் குரல் பூமியிலிருந்து வந்துசேரப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். அவளும் சும்மா இருக்கவில்லை. தெருவில் எவரையும் விடாமல் கேட்டு ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினாள். "பக்கத்து வீட்டு ஆக்னஸ் சொல்லுதா, சீரகத்தை வறுத்துப் பொடிச்சு மோர்ல போட்டுக் குடிக்கணுமாம். எத்தனை கரண்டின்னா... இருங்க..." அவள் யோசிக்கிற அந்த இடைவெளியில் பின்னால் காகம் கரைவது கேட்கும், மூச்சு விடுவது கேட்கும். ரோச் அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார்.

போன மாதம் அவள் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. "நெஞ்சுல வால்வு தேஞ்சுபோச்சாம்ங்க. மாத்துறதுக்கு இந்த எலும்பு தாங்காதாம். இந்தக் கப்பல்ல வந்துருங்க. அடுத்த கப்பலுக்கு நான் இருக்கணும்லா" என்றாள்.

சோதனை அறையில் டாக்டர் பர்வீன் அவரை ஒரு வளையத்துக்குள் நிறுத்தினார். இளவயதுப் பெண், பூமியிலிருந்து புதிதாக வந்தவர். திரையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஐயா, முதல்ல உட்காருங்க. உடம்புக்கு ஏதும் முடியலயா? சாப்பாடு இறங்கலையா?"

"நல்லாத்தான் இருக்கேன் டாக்டரம்மா. ஒம்பது!" என்றார் ரோச்.

"அதான் கேட்குறேன். ஏன் ஒன்பது?"

ரோச்சுக்கு விளங்கவில்லை. டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

"நெடுந்துயில்ல எட்டு மாசம் உங்களுக்கு யாரு சோறு போடுவாங்கன்னு நினைச்சீங்க?"

"குழாய் வழியா ஏதோ ஏத்துவாங்கன்னு..."

"ஏத்தினா குடல் முழிச்சுக்கும், ஈரல் முழிச்சுக்கும், ஆளும் முழிச்சுக்குவாரு. அதனால எதுவுமே தர்றதில்ல. குளிர்காலத்துல கரடி தூங்குற மாதிரிதான். தன் கொழுப்பைத் தானே தின்னுக்கிட்டுத் தூங்கணும். குறைஞ்சது இருபத்தி நாலு விழுக்காடு வேணும், முப்பதைத் தாண்டக் கூடாது. உங்க ஒன்பதை வச்சுக்கிட்டுப் படுத்தா மூணாம் மாசமே இதயத் தசையைத் தின்ன ஆரம்பிச்சிடும்."

ரோச் தம் கைகளைப் பார்த்தார். நரம்புகள் கயிறு கயிறாக ஓடின.

டாக்டர் பழைய பதிவுகளைத் திரையில் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். "நாலேகால் வருஷத்துக்கு முன்னாடி இருபத்தேழு. அப்ப ஏன் விண்ணப்பிக்கல?"

அறையில் காற்றோட்டி முனகியது. அதன் வடிகட்டியை மாற்றி நாளாகிவிட்டது என்று ரோச்சுக்குத் தோன்றியது.

"கூச்சமா இருந்துச்சு" என்றார் கடைசியில்.

"இந்த வருஷம் தேறாத பத்துப் பேர்ல எட்டுப் பேர் உங்களை மாதிரிதான். ஒவ்வொருத்தர்கிட்டயும் விளக்கமா சொல்லித்தான் அனுப்புறேன். வெளிய போய்ச் சொல்லுவாங்கன்னு பார்த்தா, அடுத்து வர்றவர் இன்னும் ஒல்லியா வர்றாரு."

ஒரு தாளை எடுத்து அவரே கைப்பட எழுதினார். இருபத்தாறு மாதத்தில் பன்னிரண்டு கிலோ. என்ன எண்ணெய், எந்த வேளைக்கு எத்தனை கிராம், எந்த மாதத்தில் எவ்வளவு கூட்டலாம் என்று ஒரு பக்கம் முழுக்க வந்தது. "மெதுவாத்தான் ஏத்தணும் ஐயா. அவசரப்பட்டா ஈரல் வீங்கிடும். அப்புறம் எந்தக் கப்பலும் கிடையாது" என்று கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.

வெளியே இசக்கியப்பன் காத்திருந்தான். "என்னாச்சுவே?"

சொல்லத்தான் ரோச் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "கொழுப்புல போச்சு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இத்தனை ஆண்டுகளாக இந்த வாசலில் நின்று எத்தனை பேர் இதே சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று நினைத்தார். அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இல்லவே. கூடிப்போகல. எனக்குக் கொழுப்பு பத்தலையாம். இருபத்தி நாலாவது வேணுமாம்."

இசக்கியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு இரக்கத்தோடு சிரித்தான். "அப்படிச் சொல்லியா அனுப்புனா? அவளுக்கு வேண்டிய ஆளுக்கு இடத்தைக் குடுத்திருப்பா. நீரு வெள்ளந்தி, நம்பிட்டீரு. விடும். பூண்டை மட்டும் நிறுத்திராதயும்."

ரோச் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எமல்டாவுக்கு நடந்ததைச் சொன்னார். சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. போகப் பன்னிரண்டு, வரப் பன்னிரண்டு. அந்த இருபத்து நான்கு நிமிடமும் டாக்டரின் தாளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாலேகால் ஆண்டுக்கு முன் கிளம்பியிருந்தால் அவள் நெஞ்சு தேயும்போது பக்கத்தில் இருந்திருக்கலாம். மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு துண்டு மீன் தின்றிருக்கலாம்.

பதில் வந்தது. முதலில் அழுகைதான் வந்தது.

"பாவி, நான்லா வெந்தயத்தைக் குடிங்க குடிங்கன்னு சொன்னேன். என் கையாலயே உங்களை வரவிடாம பண்ணிட்டேனே." மூக்கை உறிஞ்சினாள். "சரி, விடுங்க. இருபத்தாறு மாசம்தான? நான் இருப்பேன். உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டாவது இருப்பேன். நீங்க கவலைப்படாதீங்க."

ரோச் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏதோ நகரும் சத்தம். அவள் குரல் நிமிர்ந்தது.

"இந்தா, ஆக்னஸ் இங்கதான் நிக்கா. நீங்க சொன்னதை அவளும் கேட்டா. அதுக்கு நல்ல கை வைத்தியம் இருக்காம்ங்க. வெறும் வயித்துல நெய், மூணு குழிக்கரண்டி. அதுக்கு மேல கருப்பட்டியைத் தட்டிப்போட்டுத் தேங்காயெண்ணெய் ஒரு டம்ளர். அவ தம்பி மாப்பிள்ளைக்கு ஒரே மாசத்துல ஏறிருச்சாம். எழுதிக்கிடுங்க."

ரோச் பேனாவைத் தேடி எடுத்தார். டாக்டர் தந்த தாளைத் திருப்பி, எழுத்தில்லாத பக்கத்தில், நெய் மூன்று குழிக்கரண்டி என்று எழுதினார்.