மாலதி இல்லாத ஆல்பம்

“அக்கா! ஆல்பம் வந்துருச்சுக்கா... பெரிய பெட்டியா வந்திருக்கு!”

கூடத்திலிருந்து வானதியின் குரல் கேட்டதும், காபி ஆற்றிக்கொண்டிருந்த சுடர்விழியின் கை அப்படியே நின்றது. டபராவிலிருந்து காபி வழிந்து மேடையில் ஓடியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

இன்றைக்கா வரவேண்டும்... கடவுளே, இன்றைக்கா!

நீடாமங்கலத்தை அடுத்த அந்த வீட்டில் மறுநாள் எண்பதாம் கல்யாணம். மாப்பிள்ளை அவளுடைய மாமனார் அமிர்தலிங்கம். பெண், மாமியார் மங்களாம்பிகை. சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்திருந்த தை மாதம். வாசலில் பந்தல்காரர்கள் கீற்று இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் அரவிந்தனும் அவன் மனைவி வானதியும் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று காலை மாலதி வந்திருந்தாள். கணவன் காரில் கொண்டுவந்து வாசலோடு இறக்கிவிட்டுப் போயிருந்தான்.

மாலதி அந்த வீட்டின் கடைக்குட்டி. கூத்தாநல்லூர் சித்தீக்கைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். அதற்குப் பிறகு பதினொரு வருஷமாக அந்த வாசலை மிதித்ததில்லை. “அவ பேச்சை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது” என்று உறுமிக்கொண்டிருந்த அமிர்தலிங்கமே, மகளை நினைத்து மனைவி சோறு தண்ணீர் இறங்காமல் படுத்துவிட்டதைப் பார்த்து இளகி, போன வாரம் தானாகவே போன் செய்தார். “உன் நெனப்பு இல்லாத நாளே இல்லைம்மா... வந்துடு” என்று அவர் சொன்னாராம். வந்து இறங்கிய மாலதி, அந்த ஒரு வார்த்தையை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லி அழுதிருப்பாள்!

“வானதி, அதப் பிரிக்காதே! விசேஷம் முடியட்டும்...” என்று சுடர்விழி ஓடி வருவதற்குள் பெட்டி பிரிந்து கிடந்தது. ஆல்பம் மாமியாரின் மடியில் இருந்தது. மாலதி அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊஞ்சலில் அமிர்தலிங்கம். சுடர்விழியின் கணவன் பஞ்சநதமும் அரவிந்தனும் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அடேயப்பா! என்ன அழகு! இதெல்லாம் நம்ம சுடர் பண்ணுனதா?” என்றாள் மங்களாம்பிகை.

அது சுடர்விழியின் தொழில். டிஜிட்டல் ஸ்க்ராப்புக் என்று சொல்வார்கள். புகைப்படங்களை ஒட்டுவதற்கான பின்னணித் தாள், ஓரக்கரை, பூ, நாடா, பெயர்ச்சீட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே வரைந்து ஒரு தொகுப்பாக்கி இணையத்தில் விற்பாள். வீட்டு வேலை முடிந்த மத்தியான நேரத்தில்தான் அந்த வேலை. நாற்றங்காலின் பச்சையை எடுத்து ஒரு தாள் செய்வாள், கதம்ப மாலையைப் படம்பிடித்து ஓரக்கரை ஆக்குவாள். முன்பின் தெரியாத யார் யாரோ தங்கள் குழந்தைகளின் படங்களை அவற்றில் வைத்து அழகு பார்த்தார்கள். ஆனால் இந்த வீட்டில் அதற்கு ‘பொட்டி நோண்டுறது’ என்றுதான் பெயர். முதன்முதலாக இப்போதுதான், உறவுக்காரர்களுக்குக் கொடுக்கவென்று, குடும்ப ஆல்பம் போடும் பொறுப்பை அரவிந்தன் அவளிடம் கொடுத்திருந்தான்.

பக்கங்கள் புரண்டன. பாராட்டுகள் குறைந்தன. மாலதியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிவதைச் சுடர்விழி தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“அம்மா... இந்த மாட்டுப் பொங்கல் படத்துல நான் கன்னுக்குட்டியப் புடிச்சுக்கிட்டு நின்னேன்ல?”

“ஆமாண்டி... எங்க காணும்?”

“இதுலயும் நான் இல்லை... இதுலயும்...”

மங்களாம்பிகையின் விரல் ஒரு படத்தில் நின்றது. பஞ்சநதம் சுடர்விழி கல்யாணப் படம். தாலி கட்டும் நேரம். மணப்பெண் தலை குனிந்திருக்கிறாள், மாப்பிள்ளை முன்னால் குனிந்து முடிச்சுப் போடுகிறான். பின்னால் குத்துவிளக்கும் வெள்ளைச் சுவரும் மட்டும். ஆனால் மணப்பெண்ணின் பிடரியில், மாலைக்கு அடியில், உடம்பில்லாத இரண்டு விரல்கள்.

“ஏண்டி சுடர்... இது யாரு விரலு?”

மாலதி எழுந்து நின்றாள்.

“அது என் விரலும்மா. அண்ணிக்கு மூணாவது முடிச்சு போட்டது நான்தானே... நாத்தனார் முடிச்சு!” அவள் சுடர்விழியின் பக்கம் திரும்பினாள். “ஏன் அண்ணி? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுனேன்? இந்த வீட்டுக்கு வந்த புதுசுல ராத்திரியெல்லாம் அழுவீங்களே... யாரு பக்கத்துல படுத்துக்கிட்டா? உங்க கழுத்துல முடிச்சுப் போட்ட கையையே வெட்டி எறிய எப்படி அண்ணி மனசு வந்துச்சு?”

சுடர்விழியின் கண்கள் தாமாகவே ஊஞ்சலின் பக்கம் போயின.

அமிர்தலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். எல்லாரும் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் அவர் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

“ஏம்மா சுடர்... அவ இருக்குற படம் ஒண்ணுகூட வரக் கூடாது.”

“மாமா... அவ இல்லாத படமே இல்லையே. எல்லாத்துலயும் நிக்கிறா...”

“நின்னா எடுத்துடு. உனக்குத்தான் அது தெரியுமே. ஊரு உறவு கையில போற பொஸ்தகம். அதுல அவ மூஞ்சி இருந்தா நான் மணையில உக்கார மாட்டேன். இது உன் அத்தைக்குத் தெரியக் கூடாது. உன் புருஷனுக்கும்தான். நான் சொன்னேன்னு எவங்கிட்டயும் வாயத் தொறக்கப்படாது.”

அவள் கெஞ்சினாள். அவர் அசையவில்லை. கடைசியில் அவள் செய்தாள். சுவரின் வெள்ளையை எடுத்து மாலதியின் முகத்தின் மேல் பூசினாள். வைக்கோல் போரின் மஞ்சளை எடுத்து அவள் பாவாடையின் மேல் பரப்பினாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி, அத்தனை நேர்த்தியாகச் செய்தாள். கல்யாணப் படத்துக்கு வந்தபோதுதான் கை ஓடவில்லை. உடம்பை அழித்தாள், முகத்தை அழித்தாள். தன் பிடரியைத் தொட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு விரல்களை மட்டும் அவளால் அழிக்க முடியவில்லை. அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் மனம் மாறினார். அச்சில் போனது போனதுதான்!

இப்போது உண்மையைச் சொன்னால்? ‘உன் நெனப்பு இல்லாத நாளே இல்லை’ என்று அழைத்த அப்பா, இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் தன்னை ஒரு இடம் விடாமல் துடைக்கச் சொன்னார் என்று தெரிந்தால் மாலதி இந்த வாசலில் இன்னொரு நாள் நிற்பாளா? எண்பது வயதில் ஒரு மனிதர் பெற்ற பெண்ணின் முன்னால் தலைகுனிந்தால் நாளைக்கு எப்படி மாலை மாற்றிக்கொள்வார்?

“சொல்லேன்டி!” என்று கத்தினான் பஞ்சநதம். “யாரு பண்ணுனது?”

“நான்தாங்க... நான்தான் பண்ணுனேன்.”

“ஏன்?”

கண்ணீர்தான் வந்தது.

“சீ! இதுக்குத்தானா அந்தப் பொட்டி முன்னாடி உக்காந்து கெடந்த? என் கூடப்பொறந்தவள எடுத்துப் போடுறதுக்கா? நாளைக்கு உறவுக்காரங்க முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது நான்?”

வானதி மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மங்களாம்பிகை, “உன்னப் பெத்த பொண்ணாத்தானேடி நெனச்சேன்... பாவி!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பந்தல்காரர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சுடர்விழிக்கு உடம்பெல்லாம் கூசியது. பொய்ப் பழி என்றால் தலையை நிமிர்த்தி நின்றிருப்பாள். இது பொய்யில்லையே! செய்தது அவள் கைதானே!

மாலதி போனை எடுத்தாள். “என்னங்க... நீங்க திரும்பி வந்துடுங்க. நீடாமங்கலம் தாண்டலல்ல? வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க... இல்லை, ஒண்ணும் கேக்காதீங்க. வாங்க.” அவள் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள்.

“போகாதடி! என் கண்ணுல்ல... நாளைக்கு ஒரு நாளு இருடி!” மங்களாம்பிகை மகளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சுடர்விழி முகத்தைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

“மாலதி... நீ போக வேணாம். நான் போறேன். எங்க அம்மா வீட்டுக்குப் போயிடறேன். நான் இங்க இருந்தா உனக்கு அந்தப் படம்தான் கண்ணு முன்னாடி நிக்கும். நாளைக்கு அத்தைக்கும் மாமாவுக்கும் பக்கத்துல நீ நில்லு. அதப் பாக்கத்தான் அத்தை உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் பண்ணுனது தப்பு. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்கல. ஆனா நீ மட்டும் போயிடாத...”

மாற்றுப் புடவைகூட எடுக்காமல் அவள் வாசலை நோக்கி நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. பஞ்சநதம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“சுடர்... நில்லும்மா!”

ஊஞ்சல் கிறீச்சிட்டது. அமிர்தலிங்கம் எழுந்து நின்றிருந்தார்.

“அவ மேல தப்பில்ல. எடுக்கச் சொன்னது நான். அவ மாட்டேன்னுதான் அழுதா. நான்தான் மெரட்டினேன்... மாலதி மூஞ்சி இருந்தா மணையில உக்கார மாட்டேன்னு.”

“மாமா, வேணாம்...” என்றாள் சுடர்விழி.

“இருக்கட்டும்மா. இவ்வளவு நேரம் எனக்காக நீ ஏச்சு வாங்குன. நான் கல்லு மாதிரி உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்...” பெரியவரின் குரல் உடைந்தது. “எனக்கு வெக்கமா இருக்கும்மா. எண்பது வயசு எதுக்கு எனக்கு? இந்தக் கல்யாணம் எதுக்கு?”

அவர் மகளைப் பார்க்க முயன்றார். முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாலதி அப்பாவையே வெறித்துப் பார்த்தாள். “அப்போ... போன்ல சொன்னது?”

“அதுவும் நெசம்தாம்மா. ரெண்டும் நெசம். நெனக்காத நாளில்ல... அதனாலதான் உன்னப் பாக்கவே கூடாதுன்னு இருந்தேன்.”

மாலதி அழுதாள். அழுதபடியே சுடர்விழியிடம் வந்தாள். “அப்பா சொன்னாருன்னா செஞ்சுடுவீங்களா அண்ணி?”

“செஞ்சிருக்கக் கூடாது மாலதி. யாரு சொன்னாலும் செஞ்சிருக்கக் கூடாது. அழிக்க அழிக்க உன் முகம் ஒவ்வொண்ணா என்னைப் பாத்துச்சு... அப்பவும் செஞ்சேன். அந்த விரல மட்டும்... அத மட்டும் தொட முடியலடி...” அப்படியே மாலதியின் காலடியில் சரிந்தாள். மாலதி பதறி அவளைத் தூக்கி இறுக அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் விம்மினார்கள். பஞ்சநதம் பக்கத்தில் வந்து நின்றான். “சுடர்... நான் வந்து...” என்றவன் அவள் தலையில் கையை வைத்தான்.

வாசலில் கார் வந்து நின்றது. சித்தீக் இறங்கி, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் பந்தல் காலருகே தயங்கி நின்றான். அமிர்தலிங்கம் செருப்புகூடப் போடாமல் கீற்றுக்குவியலைத் தாண்டி அவனிடம் போனார்.

“உள்ள வாங்க மாப்பிள்ளை... பொண்ண மட்டும் கூப்புட்டுட்டு உங்கள விட்டுட்டேன். அதுவும் என் தப்புதான்.”

“பரவாயில்ல மாமா...” என்றான் அவன். அந்தக் கிழவரின் கை தன் கையைப் பிடித்ததும் அவன் கண்ணும் கலங்கியது.

அச்சாகி வந்த ஆல்பங்களை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. சாப்பாடு முடிந்ததும் சுடர்விழி கம்ப்யூட்டரைத் திறந்தாள். மூலப் படங்களை அவள் அழிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் மாலதி திரும்பி வந்தாள், கன்றுக்குட்டியோடு, பள்ளிக்கூடப் பையோடு, அண்ணியின் பிடரியில் முடிச்சுப் போடும் கையோடு. கடைசிப் பக்கத்துக்கு ஒரு படம் கேட்டாள் சுடர்விழி. மாலதி தன் போனிலிருந்து ஒன்றை அனுப்பினாள்.

பதிவாளர் அலுவலக வாசல். கழுத்தில் ஒற்றை ரோஜா மாலையோடு மாலதி, பக்கத்தில் சித்தீக். சாட்சிக் கையெழுத்துப் போட்ட அவனுடைய நண்பர்கள் ஓரமாக நின்றார்கள். வேறு யாரும் இல்லை.

பின்னால் வந்து நின்ற அமிர்தலிங்கம் நெடுநேரம் அதையே பார்த்தார்.

“ஏம்மா... உன் பக்கத்துல யாருமே இல்லையே.”

“யாரும் வரலப்பா.”

பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு மருமகளின் காதருகே குனிந்து, குழந்தை கேட்பதைப்போலக் கேட்டார்.

“சுடர்... எடுக்க முடியுதுன்னா சேக்கவும் முடியும்லம்மா? என்னையும் உன் அத்தையையும் இதுல... இப்படிப் பக்கத்துல நிக்கிற மாதிரி... சேத்துடேன்.”

முடியும். மத்தியானம் முடிவதற்குள் முடித்துவிடலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சுடர்விழி மாலதியைப் பார்த்தாள். மாலதி திரையில் தன் பக்கத்திலிருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம் மாமா” என்றாள் சுடர்விழி மெல்ல. “அன்னைக்கு நாம அங்க இல்ல.”

அமிர்தலிங்கம் தலையை ஆட்டினார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தான் இல்லாமல் போன அந்த நாளைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.